ஹொரிகிரியின் பூவசம்பு

யப்பான் தேசத்தைக் காண்பதாயிற் பங்குனி, சித்திரையிற் காண வேண்டும் என்பர். செரி மலரைக் காணாது திரும்பியவன் யப்பானையே காணாதவன் என்று பேசுவோரும் உளர். நாம் சென்றதோ மழை காலத்தில். 2023ஆம் ஆண்டு, ஆனி பிறக்கும் நாட்களில், ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுத் தோக்கியோ நகரிற் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. செரி மரங்களெல்லாம் பூவுதிர்ந்து வெறும் பச்சையாய் நின்றன. வானம் நாள் முழுவதும் மூடிக் கிடந்தது; தூறல் விட்டபாடில்லை.

"நல்ல காலத்தில் வந்திருக்கிறீர்கள், சென்செய்" என்றார் எமக்கு வழிகாட்டிய நண்பர். அவர் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். சென்செய் என்றால் ஆசிரியர். அவர் எம்மையும் நாம் அவரையும் அவ்வாறே அழைத்துக்கொண்டோம். பெயர் சொல்லும் தேவையே எழவில்லை. நனைந்த குடையோடு நின்ற எமக்கு அது நல்ல காலமாகத் தோன்றவில்லை. ஆயினும் மறுநாட் காலையில் உவெனோ நிலையத்திற் கெய்செய் புகையிரதம் ஏறினோம்.

இறங்கிய நிலையத்தின் பெயர் ஹொரிகிரி-ஷோபுஎன். ஒரு மலர்த்தோட்டத்தின் பெயரையே புகையிரத நிலையத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடை. சிறிய வீடுகள், வாசல்தோறும் பூச்சட்டிகள், மிதிவண்டிகள். ஒரு காலத்தில் இப்பகுதி முழுவதும் ஆற்றோரத்து நெல்வயல். இன்று வயல் ஒன்றுமில்லை. தோட்டத்துக்கு அப்பால் உயரத்தூண்களின் மேல் விரைவுச்சாலை செல்கிறது. அதிலே வாகனங்கள் இரைகின்றன. தோட்டமும் பெரிதன்று. கல்லூரி விளையாட்டுத் திடல் ஒன்றின் அளவே இருக்கும். இதைக் காணவா மழையில் வந்தோம் என்று ஒரு கணம் எண்ணியது உண்மை.

உள்ளே நுழைந்ததும் அவ்வெண்ணம் போய்விட்டது.

வரம்பு கட்டிய வயல்கள் போன்ற பாத்திகள். அவற்றிலே இடுப்பளவு உயரத்தில் வாள் வாளாய் இலைகள். இலைகளுக்கு மேலே, ஒரு முழம் உயர்ந்த தண்டுகளில், உள்ளங்கையை விரித்தாற் போன்ற மலர்கள்: வெள்ளை, கருநீலம், கத்தரிப்பூ நிறம், வெள்ளையில் ஊதா நரம்போடியவை, விளிம்பு மட்டும் நிறம் தோய்ந்தவை. ஏறக்குறைய 200 இனங்கள், 6000 செடிகள் என்றார் சென்செய். மழைத்துளி பட்டு இதழ்கள் தாழ்ந்து எழுந்தன. செரிப் பூவுக்கு மழை பகை. ஒரு மழையில் உதிர்ந்துவிடும். இம்மலரோ மழைக்கென்றே பூப்பது.

ஆங்கிலத்தில் ஐரிஸ் எனப்படும் குலத்தைச் சேர்ந்தது இது. வானவில்லுக்குரிய கிரேக்க தேவதையின் பெயர் அது. யப்பானியர் இம்மலரை ஹனாஷோபு என்பர். ஹனா என்றால் பூ. ஷோபு என்றால் என்னவென்று கேட்டோம். சென்செய் சொன்ன விளக்கத்தைக் கேட்டு நாம் சற்று நேரம் பேசாது நின்றோம். அதற்குக் காரணத்தைக் கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், யப்பான் சென்று மீண்ட நண்பர் ஒருவர் இச்செடியின் கிழங்கொன்றை எமக்குக் கொணர்ந்து தந்தார். நீர்ப்பூ என்று சொல்லித் தந்தமையால், யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடித் தொட்டியின் மூலையில், கிழங்கு நீரில் மூழ்கும்படி நட்டோம். இலை வந்தது. எம் அன்னையார் நாள்தோறும் காலையில் அதனைப் பார்ப்பார். "தம்பி, இது வசம்பெல்லோ?" என்பார். இல்லை அம்மா, இது யப்பான் பூ என்போம். ஒருநாள் இலைநுனியைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். வசம்பாயின் மணக்க வேண்டும். மணக்கவில்லை. "மணமில்லை, ஆனால் வசம்பின்ர சாதிதான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். இலைகள் நாளடைவில் மஞ்சளித்தன, கிழங்கு அழுகியது. பூவைக் காணாமலே செடி மடிந்தது. அடுத்த ஆண்டில் அன்னையாரும் காலமானார்.

ஷோபு என்பது வசம்பு. கைக்குழந்தை உள்ள வீடுகளில் நாம் சுட்டு உரைத்து வைத்திருக்கும் அதே வசம்பு. பெயர் சொல்லாதது என்று மூத்த பெண்கள் குறிப்பாற் சொல்லும் அதே மருந்து. யப்பானிலே மே மாதம் 5ஆம் நாள், ஆண்பிள்ளைகளுக்குரிய திருநாளாகக் கொண்டாடப்பட்டு வந்த நாளில், வசம்பின் இலைகளை வெந்நீர்த் தொட்டியில் இட்டு நீராடுகின்றனர். இலை வாள் போன்றது. மணம் நோயை ஓட்டும் என்பது நம்பிக்கை. வீரத்தைப் போற்றுதல் எனப் பொருள்படும் சொல்லும் அவர்கள் மொழியில் ஷோபு என்றே ஒலிக்கும். வசம்பைப் போன்ற இலையுடையதாய்ப் பூவும் உடையதாய் இருந்தமையால் இம்மலருக்குப் பூவசம்பு என்று பெயரிட்டனர். எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் கண்டதையே யப்பானியரும் கண்டிருக்கின்றனர். எனினும் தாவரநூலார் இரண்டையும் ஒரு குலத்திற் சேர்ப்பதில்லை. அன்னையாரின் தீர்ப்பில் அந்த ஒரு பிழை உண்டு.

நிற்க. யப்பானில் வளரும் ஐரிஸ் வகைகளுள் மூன்றை அந்நாட்டாரே ஒன்றுக்கொன்று மாறி அழைப்பதுண்டு. அயமே என்பது மேட்டு நிலத்துச் செடி; தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது. அதன் இதழின் அடியில் வலை போன்ற கோலம் இருக்கும். ககித்சுபாதா என்பது ஆண்டு முழுவதும் நீரில் நிற்பது, இதழடியில் வெண்கோடு. இவை இரண்டும் மே மாதத்திற் பூப்பவை. ஹனாஷோபு இரண்டுக்கும் இடைப்பட்டது. இதழடியில் மஞ்சட் பொட்டு; இலையின் நடுவே கைவிரலுக்குத் தட்டுப்படும் நரம்பு. சென்செய் தம் பணப்பையிலிருந்து 5000 யென் தாள் ஒன்றை எடுத்துப் புறம் திருப்பினார். 2004இல் வெளியிடப்பட்ட அத்தாளின் பின்புறத்தில் ககித்சுபாதா மலர்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒகாத்தா கோரின் என்னும் ஓவியர் பொற்றகட்டுத் திரைகளிற் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை அவை. மூல ஓவியம் தோக்கியோவிலுள்ள நெசு அரும்பொருளகத்தில் இருக்கின்றது. "இது ஹனாஷோபு அன்று, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்" என்று கூறித் தாளை மடித்து வைத்தார். 2024இல் வந்த புதிய தாளில் அந்த மலர்கள் இல்லை.

எம்முடைய கிழங்கு ஏன் அழுகியது என்பதை அறிய விரும்பினோம். பாத்திகளுக்கிடையே முதியவர் ஒருவர் கூடையுடன் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பூவின் ஆயுள் மூன்று நாள். காலைதோறும் கிள்ளாவிடில் தோட்டம் அழுக்காய்த் தோன்றும். சென்செய் மொழிபெயர்க்க, அவர் வேலையை நிறுத்தாமலே விடை கூறினார்.

"நீரிலே எத்தனை மாதம் வைத்தீர்கள்?"

ஆண்டு முழுவதும் என்றோம். அவர் சிரித்தார். பூக்கும் காலத்தில் மட்டுமே பாத்திக்கு நீர் கட்டுவார்களாம். அதுவும் பெரும்பாலும் காண்போர் கண்ணுக்காக. நீரில் நிழல் விழும் அழகுக்காக. செடிக்கு வேண்டியது ஈரமேயன்றி வெள்ளமன்று. பனிக்காலத்தில் நீரில் நின்றாற் கிழங்கு அழுகும். நெல்வயலுக்கு நீர் கட்டுவதும் வடிப்பதும் அறிந்த எமக்கு இதை அவர் இருமுறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூ முடிந்ததும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செடியைத் தோண்டிப் பிரித்து, இலையைப் பாதியாய் வெட்டிப் புதுமண்ணில் நட வேண்டும். நின்ற மண்ணிலேயே விட்டால் ஆண்டுக்காண்டு சிறுத்துப்போகும்.

"உங்கள் ஊர்க் கிணற்று நீர் எப்படி?"

சுண்ணாம்புப் பாறை நீர் என்றோம். தேநீர் வைக்கும் கேத்தலின் உட்புறம் வெண்மையாய்ப் படியும் அந்நீரை யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிவர். முதியவர் தலையை அசைத்தார். சுண்ணாம்பு இச்செடிக்கு நஞ்சு போன்றது. புளிப்புத் தன்மையுள்ள மண்ணே வேண்டும். இலை மஞ்சளித்தது அதனாலேயே. "பனிக்காலமாவது உண்டா?" என்றார். மார்கழியிற் சிறிது குளிரும் என்றோம். அவர் மறுபடியும் சிரித்தார், சென்செய்யும் சிரித்தார், வேறு வழியின்றி நாமும் சிரித்தோம்.

இச்செடியின் வரலாற்றில் எமது மனத்தைத் தொட்டது வேறொன்று. காட்டிலே, சதுப்பிலே வளரும் ஹனாஷோபு செவ்வூதா நிறத்துச் சிறு மலர். அதனை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தோருள் முதலிடம் பெறுபவர் மட்சுதைரா சாதாதோமோ. 1773இல் பிறந்து 1856இல் மறைந்த இவர் ஷோகுனின் ஆட்சியில் அதிகாரியாய் இருந்தவர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் விதையிட்டுத் தெரிந்தெடுத்துப் புது மலர்களை ஆக்கியவர். தம்மை வசம்புக் கிழவர் எனப் பொருள்படும் ஷோஓ என்னும் பெயரால் அழைத்துக்கொண்டார். ஹொரிகிரி உழவர்களின் தோட்டங்களும் அக்காலத்திலேயே புகழ்பெற்றன. ஹிரோஷிகே என்னும் ஓவியர் 1857இல் இத்தோட்டத்தை மரக்கட்டை அச்சோவியமாக ஆக்கினார்.

ஷோஓவின் மலர்களுள் ஒன்றுக்கு உச்சூ, அதாவது பேரண்டம், என்று பெயர். அது இன்றும் பூக்கின்றது. விதையிட்டால் அதே பூ வராது. தாய் ஒன்று, பிள்ளை வேறு. கிழங்கைப் பிரித்து நடுவது ஒன்றே வழி. ஆகவே இன்று பூக்கும் உச்சூ, அவர் தோட்டத்தில் நின்ற அதே செடியின் உடற்கூறு. இடையிலே ஒரு தலைமுறை பிரித்து நட மறந்திருந்தால், அப்பூ அத்தோடு முடிந்திருக்கும்.

முடியும் நிலை உண்மையாகவே வந்தது. இரண்டாம் உலகப் போரில் உணவு அருகியபோது ஹொரிகிரித் தோட்டங்கள் நெல்வயலாக்கப்பட்டன. பசித்தவனுக்கு முன் பூவைக் காட்டி வழக்காட எம்மால் இயலாது. நெல் நட்டவர்களை நாம் குறை கூறோம். ஆயின் முன்பு பல தோட்டங்கள் இருந்த ஊரில், போரின் பின் மீண்டெழுந்தது ஒன்றே. அதன் செடிகள் வேறிடத்துக்கு அகற்றிக் காக்கப்பட்டிருந்தன. குண்டு வீச்சுக்கு அஞ்சி நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பியதைக் குறிக்கும் சொல்லையே, செடிகளை அகற்றியதற்கும் சென்செய் வழங்கினார். இடம்பெயர்தல் என்று தமிழாக்கிக்கொண்டோம். அச்சொல்லை எம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1959இல் தோக்கியோ நகர ஆட்சி அத்தோட்டத்தை வாங்கி, 1960இல் மக்களுக்குத் திறந்தது. 1975 முதல் கத்சுஷிகா வட்டாரத்தின் பொறுப்பில் இருக்கின்றது. நுழைவுக் கட்டணம் இல்லை.

தெற்கே கூமமோட்டோவில் நடந்தது இதற்கு மாறானது. அப்பகுதியின் ஹொசொகவா பிரபு ஷோஓவிடம் செடிகள் பெற்றார். பிறருக்கு வழங்கலாகாது என்பது நிபந்தனை. அவ்வூரார் சங்கம் அமைத்து, சட்டிகளில் வளர்த்து, பூக்கும் நாட்களில் வீட்டினுள்ளே வைத்து அமர்ந்து நோக்கினர். வாக்குத் தவறாது வெளியார்க்கு மறுத்தனர். பின்னர் யொகொஹாமாவில் வாழ்ந்த உறுப்பினர் ஒருவர் விதியை மீறி அவற்றை விற்றார். சங்கம் அவரை விலக்கியது. அம்மலர்கள் நாடெங்கும் பரவியது அதன் பின்னரே. வாக்கைக் காத்தவர்களை மதிக்கிறோம். ஆனால் எமது நன்றி அந்த விலக்கப்பட்டவருக்கே உரியது என்று சென்செய்யிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் யோசித்து, "நான் அப்படிச் சொல்லத் துணியேன்" என்றார்.

புறப்படுமுன், தயங்கித் தயங்கி, ஒரு கிழங்கு கிடைக்குமா என்று முதியவரிடம் கேட்டோம். பொதுத் தோட்டத்துச் செடி கொடுப்பதற்கில்லை என்றார். பின்பு, கடையில் வாங்கலாம், ஆனால் வாங்க வேண்டாம் என்றார். "அது உங்கள் ஊரில் மறுபடியும் சாகும்."

அன்னையார் வசம்பென்று கூறிய கதையைச் சென்செய் அவருக்கு எடுத்துரைத்தார். அவர் கூடையைக் கீழே வைத்து, பாத்தியின் ஓரத்திற் சாய்ந்து முறிந்திருந்த இலையொன்றைக் கிள்ளி, இரு கைகளாலும் எம்மிடம் நீட்டினார். மழையில் நின்றபடி அதனைக் கசக்கி மோந்து பார்த்தோம். மணமில்லை.