எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஒன்றுமில்லை

ஒரு கார் பேட்டரியைப் பொய் சொல்லி வாரண்டியில் மாற்றி வாங்கியிருக்கிறேன். பழைய பேட்டரியைக் கெடுத்தது அதைச் செய்த கம்பெனி அல்ல, நான்தான். கடையில் நின்று பேசும்போதே அது எனக்குத் தெரியும்.

ஈரோட்டில் அப்போது ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தேன். டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர், சீட்டுக்கடியில் ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர். பாட்டுக் கேட்கத்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். தெரு கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் எல்லை என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். டிக்கியை மூடி வைத்தாலும் என் வண்டி அதற்குள் அடங்காது. பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி எரியும். அதையும் நண்பர்களிடம் பெருமையாகக் காட்டுவேன். மின்சாரம் போதவில்லை என்று வண்டி சொன்னதை வண்டியின் கெத்து என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டியோடு வந்தது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெரிதாக ஒன்று மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டு, வயரிங் செய்துகொடுத்த எலக்ட்ரீஷியன் பெரியவரிடம் போனேன்.

"எஞ்சினை ஓட்டிக்கிட்டுப் பாட்டுக் கேப்பீங்களா தம்பி, ஆஃப் பண்ணிட்டா?"

"ரெண்டுந்தானுங்ணா. நீங்க பெருசாப் போட்டு உடுங்க."

"டைனமா எத்தனை ஆம்ப்ஸுன்னு மொதல்ல பாக்கோணும். நாளைக்கு வண்டிய உட்டுட்டுப் போங்க."

நாளைக்கு வரை பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே வேறு கடையில் டீசல் வண்டிக்கான 65 ஆம்பியர்-அவர் பேட்டரியை வாங்கினேன். ட்ரேயில் உட்காரவில்லை, கிளாம்ப் எட்டவில்லை. சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினேன். இதையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெரியவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குள்தான் விஷயம் முழுக்க இருந்தது. எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், அவர் டைனமா என்றது அதைத்தான். பேட்டரி என்பது மேல்நிலைத் தொட்டி. மோட்டார் ஏற்றுவதைவிட அதிகமாகக் குழாயைத் திறந்துவிட்டால், தொட்டி எவ்வளவு பெரிதானாலும் காலியாகத்தான் செய்யும். ஆயிரம் வாட்டை உண்மையாகவே வெளியே தள்ளும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர், 13.8 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். பல சின்னக் கார்களில் ஆல்டர்னேட்டரின் மொத்தக் கொள்ளளவே அதற்குள்தான். அதிலிருந்துதான் விளக்கு, ஏசி விசிறி, இக்னிஷன் எல்லாம் ஓட வேண்டும். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே ஓடாது, சராசரி இழுப்பு இதைவிட வெகு குறைவு என்பது உண்மைதான். ஆனால் என்னைப் போல் வால்யூமைக் கடைசிவரை திருகுகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எஞ்சினை அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 65 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இருபது மணி நேரக் கணக்கு: சுமார் மூன்றே கால் ஆம்பியராக மெதுவாக எடுத்தால் கிடைப்பது. முப்பது நாற்பது ஆம்பியராக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. போதாததற்கு, காரில் வருவது ஸ்டார்ட்டிங் பேட்டரி. ஒரு சில விநாடி பெரும் மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கிச் செய்தது. அடிவரை காலி செய்து திரும்ப ஏற்றுவதற்கு அது ஆகாது. அந்த வேலைக்குத் தகடு தடித்த டீப்-சைக்கிள் வகை தனியாக இருக்கிறது.

நான் செய்தது என்ன? கொடிவேரி அணைக்குப் போனால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாயங்காலம் வரை டிக்கியைத் திறந்து வைப்பேன். பிறகு நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் சார்ஜர் போட்டு முழுதாக ஏற்ற வேண்டும் என்று தெரியும்; சோம்பல். ஊருக்குள் ஓட்டும் சின்னச் சின்னத் தூரத்தில் பேட்டரி நிறையவே நிறையாது. பாதிச் சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். இறுகியது கரைவது கடினம். வாரண்டிக் காலம் பாதி முடிவதற்குள் என் பேட்டரி செத்தது.

கடைக்குப் போவதற்கு முன் ஆம்ப்ளிஃபயர் வயரை டெர்மினலிலிருந்து கழற்றினேன். சப்வூஃபர் மேல் போர்வையைப் போர்த்தினேன். கடைப் பையன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"ஒண்ணுமில்லப்பா."

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயர் வயரின் ஃபியூஸ் ஹோல்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மறந்திருந்தேன். பையன் அதைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், ஒன்றும் பேசாமல் படிவத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். புதுப் பேட்டரி வந்தது. கடைக்காரர் கம்பெனிக்கு என்ன பதில் சொன்னார், அந்தப் பையனுக்குத் திட்டு விழுந்ததா என்றெல்லாம் நான் விசாரிக்கவே இல்லை. இன்றுவரை போய் உண்மையைச் சொல்லவும் இல்லை.

அந்தப் புதுப் பேட்டரியையும் அதே வழியில் கொன்றேன். நடுவில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கிச் செலவழித்தது தனிக் கதை. பார்க்க அழகான சாமான்; ஆயிரம் வாட் இழுப்பில் அது தாங்குவது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. கடைசியில் அதே பெரியவரிடம் போய் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லி, ட்ரேயில் சரியாக உட்காரும் ஏஜிஎம் வகைப் பேட்டரி ஒன்றைச் சொந்தக் காசில் மாட்டினேன். பேட்டரியிலிருந்து போகும் வயரையும், பாடியில் பிடிக்கும் எர்த்தையும் தடித்த செம்பாக மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் கெயினைப் பாதிக்கு இறக்கினார். ஹெட்லைட் இப்போது மங்குவதில்லை. எஞ்சின் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

பாட்டுக்காகப் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்பதை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். எஞ்சினை அணைத்துவிட்டும் கேட்பவரென்றால் டீப்-சைக்கிள் வகையைக் கேளுங்கள், வீட்டில் ஒரு சார்ஜரும் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் இருப்பது என்னவென்று கடைப் பையனிடம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.