கேமரா இருந்த பாறை

முட்டம் என்று சொன்னால் போதும், சென்னையில் எங்க டீமில் யாராவது ஒருவர் "அலைகள் ஓய்வதில்லை எடுத்த ஊர்தானே?" என்பார். 1981இல் அது, 1986இல் 'கடலோரக் கவிதைகள்'. பாரதிராஜா இரண்டு முறை எங்கள் பாறைகளைக் காதலர்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இளவட்டமாக இருந்தபோது அந்த ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்தவர் அப்பா. டிவியில் படம் ஓடினால் கார்த்திக்கையும் ராதாவையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார். "மக்கா, அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம்தான் கேமரா வச்சிருந்தானுவ. நாங்க பின்னால நின்னோம். சத்தம் போட்டா வெரட்டுவானுவ." எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தது. ராம்பாலா இயக்கம், சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா. ஹிட் படங்களை அவர்கள் கலாய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது, தங்களையே கலாய்த்துக்கொண்டது. சோகக் காட்சிக்கு நடுவே பட்ஜெட் இல்லாததும் செட்டின் லட்சணமும் வசனமாகிவிடும். கேமரா எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அப்பாவின் வேலைதான் அது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

2010இல் 'தமிழ்ப் படம்' அந்த விளையாட்டைத் தியேட்டருக்குக் கொண்டுபோனது. இன்று எங்கும் அதுதான். 'குக் வித் கோமாளி'யில் கோமாளிகள் நிகழ்ச்சியையே ஓட்டுகிறார்கள், எடிட்டர் அவர்களை ஓட்டுகிறார். சினிமாவில் ஹீரோவே "இது பழைய டெம்ப்ளேட்" என்று சொல்லிவிட்டு, அதே டெம்ப்ளேட்டில் பத்துப் பேரை அடிக்கிறார். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் லொள்ளு சபாவிடம் ஓட்டையை மறைக்கக் காசில்லை, அதனால் காட்டியது. காசு இருக்கிறவர் காட்டினால் அது முன்ஜாமீன். நாமே சொல்லிவிட்டால் மற்றவர் வாயை அடைத்துவிடலாம், திருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

இந்த வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். காலை மீட்டிங்கில் "என் கோடு உடையாம இருந்தாத்தான் ஆச்சரியம்" என்று முதலில் சிரிப்பவன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். பக் அப்படியே இருக்கும். ஊருக்கு எப்ப வருவ என்று அம்மா போனில் கேட்டால், "உனக்கு வாய்ச்ச பிள்ளை அப்படிம்மா" என்பேன். அம்மாவும் சிரித்துவிடுவாள். அதன்பின் எப்படிக் கேட்பாள்?

போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தேன். டிவியில் அதே படம். அப்பா வழக்கம்போல் பாறையைக் காட்டினார், கேமராவைக் காட்டினார். கடைசிக் காட்சி வந்தது. அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது.

"இங்க கேமரா எங்கப்பா இருந்துச்சு?" என்றேன், சிரித்துக்கொண்டே.

"சும்மா இருலே" என்றார்.