மெழுகிய தரை

அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள் ஏழு பேர்.

தீபாவளி நெருங்கினால் அம்மாவுக்கு உறக்கம் வராது. புகையேறிய சுவரில் பழைய பத்திரிகைகளைப் பசையிட்டு ஒட்டுவாள். படமுள்ள பக்கமே வெளியே தெரியவேண்டும், அதில் பிடிவாதக்காரி. நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதும் அந்தச் சுவரில்தான். கிழிந்த சேலை திரைச்சீலையாயிற்று. பிரட்டுக்கு ஓடும் அவசரத்திலும் வாசலில் நான்கு புள்ளியேனும் வைக்காமல் அவள் போனதில்லை. மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பியதும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, சாயத்தண்ணீரோடு சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்போம். அதனினும் இனிய விருந்தை நாங்கள் பிறகு எங்கும் கண்டதில்லை.

ஏழ்மையிலும் எத்துணை அழகு என்று வியப்போர் உண்டு. அந்த வியப்பு எங்களுக்குக் கசக்கிறது. சுவர் அம்மாவுடையதன்று, தோட்டத்துக்குரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்தப் பங்கில் எங்கள் அத்தை குடும்பமும் கப்பலேறிற்று.

புறப்படும் நாள் விடியலில் அத்தை சாணம் கரைத்துத் தரையை மெழுகினாள்.

“யாரோ குடியிருக்கப் போகிற காம்பராவுக்கு இது எதற்கடி?” என்றார் மாமா.

அவள் மறுமொழி கூறவில்லை. வாசலில் கோலத்தை முடித்துவிட்டே எழுந்தாள்.