ஷெல்லின் ஞாபகம்

எங்கள் தமிழ்த்துறையில் ஒரு பழைய கணினி உபுண்டு லினக்ஸைச் சுமந்துகொண்டு சேவையகமாக இயங்கி வருகிறது. கம்பம், சின்னமனூர், போடி வட்டாரங்களில் மாணவர்கள் திரட்டிய தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அதில் இருக்கின்றன. பல, திஸ்கியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் தட்டச்சானவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவந்த ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட, அப்பணிக்கு வந்த மாணவிக்குப் புதுக் கணக்கு திறக்கப்பட்டது.

"ஐயா, மேல்நோக்கு அம்பை அழுத்தினால் முந்தைய கட்டளை வரவில்லை, கிறுக்கல்தான் வருகிறது" என்றார் அவர். திரையில் ஒரு கூரைக்குறி, பகர அடைப்பின் இடப்பாதி இரண்டு, ஓர் ஆங்கில 'ஏ'. அம்புக்குறி விசை அனுப்பும் சமிக்ஞையே அது. புரிந்துகொள்ள ஆளின்றி அப்படியே அச்சாகியிருந்தது.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயங்குதளத்திடம் சேர்ப்பது ஷெல் என்னும் நிரல். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது ஸ்டீபன் போர்னின் ஷெல். அதன் வழியில் பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்டது பாஷ். 'மீண்டும் போர்ன்' என்றும் 'மறுபிறப்பு' என்றும் பொருள்தரும் பெயர். காளமேகம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பழைய கட்டளைகளை நினைவில் வைத்து அம்புக்குறிக்கு எடுத்துத் தருவது பாஷ். உபுண்டுவிலோ 2006 முதல் 'எஸ்எச்' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்னும் சிறிய ஷெல். வேகமானது, ஆனால் அங்கே அந்த வசதி கிடைப்பதில்லை.

மாணவிக்கு டாஷ் வாய்த்தது எப்படி? கணக்கு திறக்க 'யூசர்ஆட்', 'ஆட்யூசர்' என இரு கட்டளைகள் உண்டு. தமிழில் சொற்களை இடம்மாற்றினாலும் பொருள் பெரும்பாலும் கெடாது. இங்கே கெடும். முன்னதில் ஷெல்லைக் குறிப்பிடாவிட்டால் எஸ்எச் அமையும். பின்னது பாஷைத் தரும். பயனர் பட்டியலான 'பாஸ்வேர்டு' கோப்பில் அவருடைய வரியின் ஏழாம் புலம் எஸ்எச் என்றே காட்டியது. 'சிஎச்எஸ்எச்' கட்டளையால் அதைப் பாஷாக மாற்றி, வெளியேறி மீண்டும் நுழையச் சொன்னோம். அம்புக்குறி உயிர்பெற்றது.

அதன் பிறகுதான் பெரிய கேள்வி எழுந்தது. முந்தைய மாணவர் எந்தக் கட்டளைகளால் பாடல்களை மாற்றினார்? திஸ்கிக்கு 'ஐகான்வ்' போதும். பிற எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும். அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே வரவேண்டும். தொலைபேசியில் அவருடைய இசைவு பெற்று, அவர் கணக்கில் மறைந்திருக்கும் வரலாற்றுக் கோப்பைத் திறந்தோம். கடைசி 2000 வரிகள் இருந்தன. உபுண்டு வழக்கமாக வைக்கும் எல்லை அது. தாலாட்டுகளுக்கான வழி கிடைத்தது. முதலில் மாற்றிய ஒப்பாரிகளுக்கானது எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. அவருக்கும் நினைவில்லை. மாற்றப்பட்ட ஒப்பாரிகள் இருக்கின்றன. எஞ்சியவற்றுக்கு வழியை முதலிலிருந்து தேட வேண்டும். அவற்றைப் பாடிய பாட்டிமார் சிலர் இன்று இல்லை; ஐயம் வந்தால் கேட்கவும் ஆளில்லை.

எல்லையை உயர்த்தலாம், உயர்த்தினோம். ஆனால் பாஷ் தன் நினைவைக் கோப்பில் எழுதுவது அமர்வு முடியும்போதுதான். நடுவே சேவையகத்துக்கு மின்சாரம் போனால் அன்றைய கட்டளைகள் அத்தனையும் போகும். மின்தடை எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

கணினியில் இயல்பாக அமைந்திருப்பதை மாற்றக்கூடாதது என எண்ணிவிடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் அப்படி எண்ண வேண்டியதில்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போவதே பெரியாற்றின் இயல்பு. 1895இல் பென்னிகுயிக்கின் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் அந்நீரைக் கிழக்கே திருப்பின. எங்கள் வயல்களில் பாய்வது அந்த நீர்தான்.

ஷெல் நினைவில் வைப்பது விரல்கள் தட்டியதை மட்டுமே; ஏன் தட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. இப்போது சேவையகத்தின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கட்டளை, எந்தக் கோப்பு, எதற்காக, தேதி என நான்கு பத்திகள். முதல் பக்கம் அந்த மாணவியின் கையெழுத்தில் நிறைந்திருக்கிறது.