தோழர், டீ குடிச்சிட்டுப் போகலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மலக்குழி மரணம் ஒன்றைப் பற்றிய உண்மை அறியும் குழுவாகப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரே வேனில் ஒன்பது பேர். வண்டியை ஓட்டியவர் எங்கள் அமைப்பின் மூத்த தோழர். அன்று அதிகாலை நான்கு மணிக்கே எழுந்தவர். நாள் முழுக்க உறவினர்களிடம் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியதும் அவர்தான்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "தோழர், டீ குடிச்சிட்டுப் போகலாமா?" கேட்டவர் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி. அமைப்புக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம்தாம்மா, ஊருக்கே போயிடலாம்" என்றோம். கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்காவது பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டார். சிரித்தோம். அடுத்த கால்மணி நேரத்தில் வண்டி சென்டர் மீடியனில் ஏறிக் கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. ஒரு தோழருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

மருத்துவமனை வராந்தாவில் அந்த மாணவி அழுதுகொண்டே சொன்னார்: "கண்ணாடியில அவர் கண்ணு மூடி மூடித் திறக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அதை நேரா சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படித் தோழர் சொல்றது? அவர் எவ்வளவு பெரியவர். நான் வந்தே மூணு மாசம்."

சாதியப் படிநிலையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் நாங்கள். ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழைத்துக்கொள்கிறோம். எங்கள் வண்டிக்குள்ளேயே ஒருவர், உயிர் போகும் ஆபத்தைக் கண்ணால் கண்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், டீயையும் பாத்ரூமையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அவர் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள எங்களுக்கு வாயில்லை. இரண்டு முறை சொன்னார். கேட்காதவர்கள் நாங்கள்தான்.

இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இதற்கென்றே ஒரு துறை இருப்பது தெரிந்தது. விமானம், அறுவை சிகிச்சை அரங்கு, அணு உலை, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்குத் தொழில்நுட்ப அறிவு மட்டும் போதாது. சுற்றிலும் நடப்பதைக் கவனிப்பது, முடிவெடுப்பது, தெளிவாகப் பேசுவது, குழுவாக இயங்குவது, குழுவை நடத்துவது, மன அழுத்தத்தையும் களைப்பையும் சமாளிப்பது ஆகியவற்றையும் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது அந்தத் துறை. தொழில்நுட்பம் சாராத திறன்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ரோனா ஃபிளின் என்ற உளவியலாளர் இதில் நீண்டகாலம் ஆய்வு செய்தவர்.

இந்தப் பாடத்தை உலகம் பிணங்களின் மீது நின்றுதான் கற்றது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுதளத்தில் கே.எல்.எம். விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுதளத்தில், பனிக்குள், பான் ஆம் விமானம் ஒன்றும் நகர்ந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். விமானி அந்த நிறுவனத்திலேயே பெரிய பயிற்சியாளர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி உண்டா என்று இரண்டு மாதம் முன்பு சோதித்தவரும் அவர்தான். அனுமதி வருமுன்பே விமானி ஒருமுறை வேகமெடுக்கத் தொடங்கினார். துணை விமானி தடுத்தார். இரண்டாம் முறை அவர் தடுக்கவில்லை. அந்த இன்னொரு விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் மட்டும் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று விமானி அடித்துச் சொன்னார். அதற்கு மேல் பொறியாளரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. விமானியின் கவனம் முழுவதும் சக்கரக் கோளாறில். எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தந்த பரிந்துரையில் இரண்டு பாதிகள் இருந்தன. கீழே இருப்பவர்களுக்கு அழுத்தமாகப் பேசப் பயிற்சி கொடுங்கள் என்பது ஒரு பாதி. மேலே இருக்கும் விமானிக்கு, மற்றவர்களைக் கலந்து நடத்தப் பயிற்சி கொடுங்கள் என்பது மறு பாதி. 1981-ல் யுனைடெட் நிறுவனம் இத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பயிற்சிகளில் சொல்லித்தரும் ஒரு ஏணியை இளம் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். முதல் படி, கேள்வியாகக் கேட்பது: "தோழர், தூக்கம் வருதா?" இரண்டாவது, கண்டதை எச்சரிக்கையாகச் சொல்வது: "உங்க கண்ணு மூடுது, பார்த்தேன்." மூன்றாவது, நேராக மறுப்பது: "இப்படி ஓட்டக் கூடாது, ஓரமா நிறுத்தணும்." நான்காவது, பொறுப்பைக் கையில் எடுப்பது: "நிறுத்துங்க!" எங்கள் மாணவியால் முதல் படியில்கூட முழுதாகக் கால் வைக்க முடியவில்லை. நம் மொழியையே பாருங்கள். மேலே இருப்பவர் 'டா' போட்டு ஒரே சொல்லில் ஆணையிடலாம். கீழே இருப்பவர் 'ங்க' சேர்த்து, கேள்வியாக வளைத்து, சிரிப்பையும் கலந்துதான் ஒரு ஆபத்தைச் சொல்ல முடிகிறது. அது போய்ச் சேர்வதற்குள் வண்டி கவிழ்ந்துவிடுகிறது.

மருத்துவத்திலும் இதே கதைதான். 2005-ல் இங்கிலாந்தில் ஒரு விமானியின் மனைவி சாதாரண சைனஸ் அறுவைக்காகப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு அவருடைய மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. தொண்டையில் துளையிட வேண்டிய கருவியைச் செவிலியர் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். செய்ய வேண்டியது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அனுபவமிக்க மருத்துவர்களோ குழாயைச் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். விமானியான கணவருக்கு இது பழகிய கதையாகத் தெரிந்தது. மருத்துவத் துறையில் இந்தத் திறன்களைக் கொண்டுவர அவர் இயக்கமே தொடங்கினார்.

இப்போது நாம் எந்த மரணத்தை விசாரித்துவிட்டு அன்று இரவு திரும்பினோமோ, அங்கே வருவோம். மலக்குழி வேலையைவிட ஆபத்தான வேலை இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது? அதில் இறங்குவோரில் பெரும்பாலோர் நம் மக்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பும் நொடியில்தான் சாவு பக்கத்தில் நிற்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கியதும் அண்ணனோ தம்பியோ மாமனோ பதறிக் குதிக்கிறார்கள். மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. "பின்னாலேயே குதிக்காதே" என்பதும் தொழில்நுட்பம் சாராத திறன்தான். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது அதைக் கடைப்பிடிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும், யோசியுங்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு பாதுகாப்புப் பயிற்சிக்கு நாங்களும் போய் உட்கார்ந்தோம். கையுறை, முகக்கவசம், கேஸ் டிடெக்டர் எல்லாம் படத்தில் வந்தன. "பாதுகாப்பு இல்லைன்னா இறங்காதீங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எழுந்தார்: "இறங்கலைன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவாங்களா சார்?" அது இன்றைய தலைப்பில் இல்லை என்று பதில் வந்தது.

அதுதான் தலைப்பே. அந்த அரங்கில் காண்ட்ராக்டர் இல்லை. மேஸ்திரி இல்லை. பொறியாளர் இல்லை. "சீக்கிரம் இறங்குப்பா" என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரரும் இல்லை. பரிந்துரையின் ஒரு பாதியை மட்டும் நம் தலையில் கட்டுகிறார்கள். மறு பாதி, அதாவது மேலே இருப்பவர் நிறுத்தக் கற்றுக்கொள்ளும் பாதி, யாருக்கும் நடத்தப்படுவதில்லை. துணை விமானி வாய் திறந்தால் அதிகபட்சம் மேலதிகாரியின் கோபத்தைச் சந்திப்பார். குழியின் வாயில் நிற்பவர் வாய் திறந்தால் கூலி போகும், அடுத்த வேலை போகும், வசவும் விழும். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது குழியின் வாயில்கூட வேலை செய்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் ஒரு மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ன் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2014-ல், அதே மார்ச் 27 அன்று, 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இறங்க மறுத்தவருக்கு அன்றைய கூலி யார் தருவது? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை, "இறங்காதீங்க" என்ற அறிவுரை பழியை இறங்கியவர் மீதே போடும் தந்திரம்தான். மனிதர் இறங்குவதே ஒழிய வேண்டும், இயந்திரம் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதுவரை, வேலையை நிறுத்தும் உரிமையும் நிறுத்திய நாளுக்கான கூலியும் எழுத்தில் வேண்டும். பயிற்சியின் முதல் வரிசையில் காண்ட்ராக்டர் உட்கார வேண்டும்.

வெளியே இதைக் கேட்குமுன் எங்களுக்குள்ளேயே சிலவற்றை மாற்றினோம். பயணம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் கூடுகிறோம். ஓட்டுபவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று வெளிப்படையாகக் கேட்கிறோம். கூட்டத்தில் புதிதாக வந்தவர்தான் முதலில் பேசுவார். யார் "நிறுத்துங்க" என்றாலும் வண்டி முதலில் நிற்கும், காரணம் பிறகு. காரணம் தவறாக இருந்தாலும் திட்டக் கூடாது. கடைசி விதிதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. பெரியவர்களான எங்களுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

போன மாதம் ஒரு பயணத்தில், புதிதாக வந்த தம்பி ஒருவர் "நிறுத்துங்க, டயர்ல ஏதோ சத்தம்" என்றார். நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஊன்றுகோலோடு இறங்கிய எங்கள் தோழர் அவர் தோளில் கை வைத்து, "நல்லது தம்பி, அடுத்த தடவையும் சொல்லு" என்றார். எதிரே ஒரு கடை திறந்திருந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.