வரைவில் பிறந்த வீரன்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் முன் வருகிற ஊர் வித்துரா. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மாணவர் ஐவர், 2019இல், சனிக்கிழமை இரவுகளில் உணவுக்கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடிவந்தனர். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசுவர், முடிவெடுப்பர். எடுத்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதாபாத்திரத்தின் வலிமை, காயம், திறன்கள் யாவும் ஒரு தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அழித்தழித்து எழுதியதில் சிலருடைய தாளில் ஓட்டையே விழுந்திருந்தது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ஐவரும் நாகர்கோவில், மதுரை, பாலக்காடு, கொல்லம் எனப் பிரிந்து வீடு சேர்ந்தனர். ஆட்டம் இணையத்துக்குப் போயிற்று. பென்சில் தாளின் இடத்தில் கணினித் திரையில் ஒரு தாள். கூட்டல் கழித்தலை அதுவே செய்துகொள்ளும். எல்லாருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஏப்ரலில், அந்த ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மனோசக்தி தொடர்பான சில விதிகளைச் சோதனைக்காக வெளியிட்டது. அன்எர்த்டு ஆர்க்கனா என்ற பெயரில் 2015 முதல் அந்நிறுவனம் இவ்வாறு வரைவு விதிகளைப் பொதுவில் வைத்துவருகிறது. ஆடிப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டு, சிலவற்றைத் திருத்தி நூலில் சேர்க்கும், சிலவற்றைக் கைவிடும். இவை முடிந்த விதிகள் அல்ல, மாறக்கூடியவை என்ற எச்சரிக்கை ஒவ்வொரு வரைவின் தலைப்பிலும் இருக்கும். பதிப்பு முன்வரைவுகளைப் படித்துப் பழகிய ஆய்வு மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

மதுரை மாணவியின் வீரன் அப்போதுதான் மூன்றாம் நிலைக்கு உயர்ந்திருந்தான். அவர் அவனுக்கு மாறன் என்று பெயரிட்டிருந்தார். ஏப்ரல் வரைவிலிருந்த சை நைட் என்ற பிரிவை அவனுக்காகத் தேர்ந்தார். அதன் உயிர்நாடி ஒரே ஒரு பகடை. மனோசக்தியைப் பயன்படுத்தும்போது அதை உருட்டவேண்டும். மிக உயர்ந்த எண் விழுந்தால், அடுத்த முறைக்குப் பகடை ஒரு படி சிறுத்துவிடும்: எட்டு முகப் பகடை ஆறு முகமாகும், ஆறு முகம் நான்காகும். நான்கு முகப் பகடையிலும் உச்ச எண் விழுந்தால் நீண்ட ஓய்வெடுக்கும்வரை சக்தியே இல்லை. மாறாக, ஒன்று விழுந்தால் பகடை ஒரு படி பெருக்கும். அதாவது, சக்தி உச்சத்தில் வெளிப்படும் கணமே அது தேயத் தொடங்கும் கணம். தோற்றவனுக்கு அது திரும்பி வரும்.

விதியாகப் படித்தால் இது ஒரு நிகழ்தகவுக் கணக்கு. எட்டு மாதம் ஆடியபின் அது ஒரு குணமாகிவிட்டது. மாறன் தன் வெற்றிகளுக்கு அஞ்சுபவன் என்று அம்மாணவி அவனை ஆடத் தொடங்கினார். பேரடி அடித்துவிட்டு அவன் மௌனமாவான். தவறிய அடிக்குப் பின் சிரிப்பான். ஒருமுறை பாலத்தைக் காக்கும் காட்சியில் நான்கு முகப் பகடையில் நான்கு விழுந்தது. பாலம் தப்பியது, சக்தி போயிற்று. மீதிச் சண்டையை அவன் வெறும் வாளோடு முடித்தான். அதன்பின் குழுவில் எவரும் அவனை 'சை நைட்' என்று விதிநூல் பெயரால் குறிப்பிடவில்லை.

2020 நவம்பரில் இறுதி வடிவம் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற நூலில் வந்தது. பிரிவின் பெயர் சை வாரியர் என மாறியிருந்தது. சிறுத்துப் பெருக்கும் பகடை போய்விட்டது; இடத்தில் எண்ணிக்கை வைத்த பகடைத் தொகுதி. ஏழாம் நிலை வீரனுக்கு எட்டு முகப் பகடைகள் ஆறு. ஒன்றைச் செலவிட்டால் ஐந்து. கையாள எளிது, சமநிலையும் கூடுதல். நேர்மையாகச் சொன்னால் வடிவமைப்பு என்ற அளவில் இது மேலான விதி. பழைய பகடை முதல் உருட்டலிலேயே படியிறங்கலாம், நாள் முழுதும் இறங்காமலும் இருக்கலாம். ஆட்டம் நடத்துபவரால் எதையும் திட்டமிட முடியாது.

அந்தக் குழு பயன்படுத்திய மின்னணுத் தாளுக்கு வரைவு விதிகளைத் தன்னார்வலர் ஒருவர் செருகுநிரலாக எழுதித் தந்திருந்தார். நூல் வெளிவந்ததும் அவர் நல்லெண்ணத்தோடு அதைப் புதுப்பித்தார். அடுத்த சனிக்கிழமை தாளைத் திறந்தபோது ஒற்றைப் பகடை இருந்த கட்டத்தில் ஆறு பகடைகள் இருந்தன. முந்தைய வாரம் ஆறு முகமாகத் தேய்ந்திருந்த அந்தப் பகடையின் நிலை எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

"அண்ணா, இது என் ஆளு இல்ல" என்றார் மதுரை மாணவி, ஆட்டம் நடத்தும் நாகர்கோவில்காரரிடம்.

பாலக்காட்டு மாணவர் விடவில்லை. "நீ எடுத்ததே வரைவுதானே? மாறும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு."

அன்று ஆட்டம் நடக்கவில்லை. இரண்டு மணிநேரம் வாதம் நடந்தது.

பாலக்காட்டு மாணவரின் வாதம் வலுவற்றதன்று. எச்சரிக்கை இருந்தது உண்மை. ஆனால் அந்த எச்சரிக்கை எதைப் பற்றியது என்பதில்தான் சிக்கல். 'இவ்விதி நூலில் இவ்வாறே வராமற்போகலாம்' என்பது ஒரு கூற்று. 'நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் கதாபாத்திரத்தில் இது ஓரிரவில் மாற்றப்படும்' என்பது வேறு கூற்று. அச்சிட்ட தாளின் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாக வாய்ப்பே இல்லை. ஐந்தாம் பதிப்புக்கான பொதுச் சோதனை 2012 மே மாதம் தொடங்கியது. 1,75,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றதாக நிறுவனம் சொன்னது. அவர்களில் ஒருவர் பழைய பொதியை அச்சிட்டு வைத்துக்கொண்டு, புதிய பொதி வந்தபின்னும் அதையே ஆடியிருந்தால் தடுப்பார் யாருமில்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, தாத்தாவின் அலமாரியிலிருந்த நூல்களின் துதிக்கை லைகாரத்தை யாரும் வந்து திருத்தவில்லை அல்லவா?

சோதனைக் காலத்துக்கும் ஆட்டக் காலத்துக்கும் உள்ள இடைவெளியும் கருதத்தக்கது. வடிவமைப்பாளருக்கு ஒரு வரைவு சில வாரக் கேள்வி. 2022 ஆகஸ்டில் வெளியான ஒன் டி அண்டு டி முதல் பொதி, முக்கிய அடி விதியை மாற்றி, எதிரிகளுக்கு அது இல்லை என்றது. ஆறு வாரங்களில் வந்த இரண்டாம் பொதி பழைய விதிக்கே திரும்பிற்று. வார்லாக் வகுப்பின் மந்திர முறை 2023 ஏப்ரலில் கைவிடப்பட்டு, செப்டம்பர் பொதியில் மீண்டு வந்தது. பரிசோதனை இப்படித்தான் நடக்கவேண்டும்; தயங்காமல் முயல்வதும் தயங்காமல் பின்வாங்குவதும் அதன் நற்பண்புகள். மேசையிலோ ஒரு கதை ஈராண்டு, மூவாண்டு ஓடும். மிஸ்டிக் என்ற மனோசக்தி வகுப்பு 2017 வரை மூன்று வடிவங்களில் சோதிக்கப்பட்டு, எந்த நூலிலும் இடம்பெறாமலே கைவிடப்பட்டது. அதை எடுத்து ஆடியவர்களின் கதாபாத்திரங்கள் கைவிடப்பட்ட விதியில் வாழ்ந்தன. நூல் இல்லாததால் அவர்கள் செல்லாதவர்கள் ஆகிவிட்டார்களா என்ன?

மின்னணுத் தாளில் ஒரு விதியை இரு வகையாக வைக்கலாம். ஒன்று, விதியின் படியைக் கதாபாத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடுவது. மற்றொன்று, மையக் களஞ்சியத்தில் உள்ள விதியைச் சுட்டுவது. படியாக இருந்தால் மையத்தில் மாறினாலும் கதாபாத்திரம் மாறாது. சுட்டாக இருந்தால் மாறும். மொழியியல் மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: 'இன்று' என்ற சொல்லின் பொருள் சொல்லப்படும் நாளோடு நகர்வதைப் போல, சுட்டப்பட்ட விதியும் நகரும். ஃபவுண்ட்ரி போன்ற மென்பொருளில், தொகுப்பிலிருந்து ஒரு திறனை இழுத்துக் கதாபாத்திரத்தில் போட்டால் அது படியாகவே உள்ளே போகிறது. பிழை திருத்தம் தானாக வந்து சேராது என்பது அதன் விலை. மாறனின் தாளில் இருந்தது சுட்டு. அப்படியொரு வேறுபாடு உண்டென்பதையே குழுவில் எவரும் அதுவரை யோசிக்கவில்லை.

இது ஒரு விடுதி மூலையின் சிக்கல் மட்டுமன்று என்பதை 2024 காட்டியது. விதிநூலின் புதிய பதிப்பு செப்டம்பரில் வரவிருந்த நிலையில், டி அண்டு டி பியாண்ட் மேடை, கதாபாத்திரத் தாள்களில் உள்ள 2014 மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் புதிய வடிவங்களால் மாற்றப்படும் என்று ஆகஸ்டில் அறிவித்தது. பழையவை வேண்டுவோர் தாமே அவற்றைத் தனிப்படைப்பாக எழுதிக்கொள்ளலாம் என்றது. இங்கே பேச்சு வரைவு விதிகளைப் பற்றியதல்ல; மக்கள் விலை கொடுத்து வாங்கி, பத்தாண்டு ஆடிய விதிகள். எதிர்ப்புப் பெருகவே, சில நாள்களில் நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது. இறுதி விதிக்கே இந்நிலை என்றால் வரைவை நம்பியவருக்கு வாதிட எந்தத் தரை இருக்கும்?

பழையதை எல்லாம் அப்படியே வைத்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை மறப்பது கடினம். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல் யூனிகோட் 5.1 தனிக் குறியெண்கள் தந்தது. அதற்கு முன் மெய்யெழுத்தும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பானும் சேர்த்தே அவை எழுதப்பட்டன. பழைய ஆவணங்கள் பழைய முறையிலேயே நின்றன. இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஈரியல்பையும் கருதாத தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இரு வடிவங்களை ஒருசேரக் காப்பதன் சுமையை நிரல் எழுதுவோர் யாரேனும் சுமக்கவே வேண்டும். அந்தச் செருகுநிரலை எழுதியவர் ஊதியமில்லாமல் உழைத்தவர். ஒவ்வொரு வரைவையும் என்றென்றும் பேணுமாறு அவரைக் கேட்பது நியாயமில்லை. கேட்கத்தக்கது மிகச் சிறியது: மாற்றும் முன் சொல்வது, மாறிய நாளைக் குறிப்பது, பழைய வாசகத்தை எங்கேனும் படிக்கக் கிடைக்கும்படி விட்டுவைப்பது. ஆர்கைவ் களஞ்சியம் 1991 முதல் ஆய்வுத்தாள்களைத் தாங்கி நிற்கிறது; அங்கே கட்டுரையைத் திருத்தினால் முதல் வடிவம் அழிவதில்லை, பக்கத்தில் இரண்டாம் எண் ஏறுகிறது. மேற்கோள் காட்டியவர் காட்டிய வடிவம் காட்டியபடியே கிடக்கிறது. ஒரு கதாபாத்திரமும் விதியை மேற்கோள் காட்டுகிற ஆவணமே.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பினால், தீர்வைச் சொன்னவர் அதுவரை பேசாதிருந்த கொல்லத்து மாணவி. விதி எது சரி என்று கேட்பதை நிறுத்தி, இப்போது நடக்கும் கதைக்கட்டம் முடிகிறவரை மாறன் ஏப்ரல் விதியிலேயே இருக்கட்டும், முடிந்ததும் அவனை ஆடுபவரே முடிவு செய்யட்டும் என்றார். நாகர்கோவில்காரர் ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் வரைவின் கோப்பு ஒருவரிடம் தரவிறக்கப்பட்டுக் கிடந்தது. அதைப் பொதுக் கோப்புறையில் வைத்தனர். மின்னணுத் தாளில் பழைய பகடையைக் காட்ட வழியில்லாததால், மதுரையில் அம்மாணவி வீட்டிலிருந்த உண்மைப் பகடைகளை உருட்டிக் கேமராவுக்குக் காட்டினார். தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டது. சற்று அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் ஓடிற்று.

கதைக்கட்டம் முடிந்தபோது அவர் புதிய விதியை எடுத்துக்கொண்டார். பலர் எதிர்பாராதது. ஆறு பகடை என்று எண்ணிக்கை தெரிந்தால் மாறன் தோழர்களுக்காகத் துணிந்து செலவிடுவான், இனி அவன் அஞ்சவேண்டாம் என்று காரணம் சொன்னார். அந்த மாற்றத்தையே ஒரு காட்சியாக ஆடினார்கள். அவன் ஆற்றங்கரையில் ஓர் இரவு தூங்காமல் இருந்தான், அவ்வளவே. பாலக்காட்டு மாணவர் "இதைத்தானே முதல்லயே சொன்னேன்" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மீண்டும் வித்துராவில் மேசையைச் சுற்றி அமர்ந்தபோது, எல்லாருடைய தாளிலும் பெயருக்குக் கீழே நாகர்கோவில்காரர் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்: எந்த விதி, எந்தத் தேதி. மாறனின் தாளில் அங்கே இரண்டு தேதிகள் உள்ளன. முதலாவது அடிக்கப்பட்டிருந்தாலும் படிக்க முடிகிறது. பாலக்காட்டு மாணவர் தம் வரியை இன்னும் நிரப்பவில்லை.