வெடிச் சத்தம் கேட்காத ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"சிவகாசிக்காரங்க வீட்டில் தீபாவளி எப்படி இருக்கும்?" என்று வெளியூர்த் தோழிகள் ஆவலோடு கேட்பதுண்டு. உண்மையைச் சொல்லட்டுமா? எங்களுக்குத் தீபாவளி ஆடிப் பதினெட்டிலேயே ஆரம்பித்துவிடும். அன்று கடைகளில் பூஜை போட்டு வியாபாரத்தைத் தொடங்கினால், ஐப்பசி வரை ஆண்களுக்கு வீடு என்று ஒன்று இருப்பதே மறந்து போகும். பட்டாசு ஆலையில் கணக்கு எழுதும் என் கணவரும் இதற்கு விலக்கல்ல. பண்டிகை முடிந்து, ஆலைகளைச் சில வாரங்கள் பூட்டிய பிறகுதான் பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள்!

அப்படிக் கிடைத்த ஓய்வில், கார்த்திகை மாதத்து முதல் ஞாயிறன்று நாங்கள் போய் வந்த இடம்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கோயில், குளம், கொடைக்கானல் என்றே சுற்றிப் பழகிய எங்களுக்கு இது புதிது. "கொக்கையும் நாரையையும் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று முதலில் அலுத்துக்கொண்டவர் என் அத்தைதான். கடைசியில் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நின்றவரும் அவரே!

எங்கே இருக்கிறது?

சிவகாசியிலிருந்து விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை. அங்கிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் வேட்டங்குடி. (வாணியம்பாடி பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல, இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்.) நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வாடகைக் காரில் கிளம்பிவிட்டோம். டிபன் காரியரில் இட்லியும் மிளகாய்ப் பொடியும், தூக்குச் சட்டியில் புளியோதரை, பிளாஸ்க்கில் பால். கூடவே ஒரு பட்டாசுப் பெட்டியும்! சிவகாசிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் வெறுங்கையோடு போவதில்லையே. வழியில் யாராவது தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போக நேர்ந்தால் கொடுக்கலாம் என்று அத்தைதான் எடுத்து வைத்திருந்தார்.

ஒரு விஷயம் தெரியுமா? இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட 1977-ஆம் ஆண்டில் எங்கள் சிவகாசியும் வேட்டங்குடியும் ஒரே மாவட்டம்தான். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது 1985-இல். விருதுநகர் வேறு, சிவகங்கை வேறு என்று ஆனது அப்போதுதான். இரண்டுமே வானம் பார்த்த பூமி. எங்கள் பக்கத்துக் கரிசலில் மழையை நம்ப முடியாமல் 1923-இல் இரண்டு பேர் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற அந்த இருவர் தொடங்கியதுதான் பின்னால் பட்டாசு, அச்சகம் என்று வளர்ந்தது. வேட்டங்குடிப் பக்கத்திலோ, கண்மாயில் தேங்கிய மழைநீரைத் தேடிப் பறவைகள் வந்தன. எங்களை மருந்தும் காகிதமும் வாழ வைத்தன. அவர்களிடம் பறவைகள் அடைக்கலம் புகுந்தன.

கண்மாய் நிறைய நாரைகள்

பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 95 ஏக்கர். பெரிய ஏற்பாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த மரங்களைப் பார்க்க வேண்டுமே! அப்பப்பா, இலை தெரியாமல் பறவைகள்!

மஞ்சள் மூக்கும், வால் பக்கம் ரோஜா நிறமுமாக நிற்பது மஞ்சள் மூக்கு நாரை. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிந்தால் அது நத்தை குத்தி நாரை. வழுக்கிப் போகும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுப்பதற்கு வாகான அலகு அது. அகப்பை மாதிரி அலகை வைத்துக்கொண்டு தண்ணீரைத் துழாவுவது கரண்டிவாயன். கறுத்த தலையும் அரிவாள் போல வளைந்த மூக்குமாக ஒன்று. கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்பு போல நீந்தும் பாம்புத்தாரா ஒன்று. என் ஏழு வயது மகன் பைனாகுலரை யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று வயதுச் சின்னவளோ, "கரண்டி, கரண்டி!" என்று கைதட்டினாள்.

மழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகினால் ஐப்பசியிலிருந்தே பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கும். மாசி வரை இருக்கும். மழை பொய்த்த வருஷம் வருவதும் குறைந்துவிடும். ஆகவே கிளம்புமுன், மழை எப்படி என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

"எந்த ஊரு தாயி?"

கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து வந்தார். அறுபது, அறுபத்தைந்து வயதிருக்கும்.

"எந்த ஊரு தாயி நீங்க?"

நான் ஒரு கணம் தயங்கினேன். காரணம் இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி முன்பே படித்திருந்தேன். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அரை நூற்றாண்டாகப் பட்டாசே வெடிப்பதில்லை. தீபாவளிக்கு மட்டுமில்லை, கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் வெடி கிடையாது. அந்த ஊரில் நின்றுகொண்டு நான் எப்படிச் சொல்வேன்?

"விருதுநகர் பக்கம்..." என்று இழுத்தேன்.

"சிவகாசி!" என்று உரக்கச் சொன்னான் என் மகன்.

பாட்டி முகத்தில் அறைந்தாற்போல ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ வாய் நிறையச் சிரித்தார். "சிவகாசியா! அம்புட்டுத் தூரத்திலேருந்தா எங்க குருவிகளப் பாக்க வந்திருக்கீக?"

"உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு வெடி மேல ஆசையே இருக்காதா பாட்டி?" என்று கேட்டேன்.

"ஆச இல்லாமலா? வனத்துறைக்காரக தீபாவளிக்கு மிட்டாய் கொண்டாந்து குடுப்பாக. அதுலயே சமாதானமாயிரும். வாக்கப்பட்டு வர்ற மருமகளுக்கு நாங்க மொதல்ல சொல்றதே இதத்தான். எங்களுக்கு வெடி மேல கோவமெல்லாம் இல்ல தாயி. பிள்ளை பெத்த வீட்டுப் பக்கத்துல உலக்கையக்கூட மெதுவாத்தான போடுவோம்? இதுக முட்டை வச்சு அடைகாக்குற நேரத்துலதான் தீபாவளி வருது. கம்மா பூராவும் பிள்ளை பெத்த வீடு! எப்பிடி வெடி போடுறது?"

சகோதரிகளே, இதைவிட எளிமையாக எந்தப் புத்தகம் சொல்லும்? திடீரென்று வெடித்தால் தாய்ப் பறவை அலறியடித்துப் பறக்கும். அது திரும்பி வருவதற்குள் காக்கையும் பருந்தும் முட்டையையோ குஞ்சையோ தூக்கிவிடும். வெயிலில் கிடந்து முட்டை வீணாகிவிடும். குஞ்சு பொரித்த பிறகும் தாய்க்கு ஓய்வில்லை. உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குடை போலப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நிற்குமாம். இதில் இன்னொன்று: வளர்ந்த நாரைக்குக் கத்தக் குரல் கிடையாது. அலகோடு அலகைத் தட்டி 'டக டக' என்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான். வாயில்லா ஜீவன் என்பது அதற்கு நிஜமாகவே பொருந்தும். தொந்தரவு என்று அது யாரிடம் போய்ச் சொல்லும்? மனிதர்கள்தாம் அறிந்து நடக்க வேண்டும்.

அதற்குப் பறவைகள் செய்யும் கைம்மாறும் இல்லாமலில்லை. அவற்றின் எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம். செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் விவசாயிகள் இதைத் தெரிந்துகொண்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்!

அத்தை பேசியது

இதுவரை பேசாமல் நின்ற அத்தை மெல்ல வாயைத் திறந்தார். "நானும் இருபத்தஞ்சு வருஷம் சரம் பின்னினவதான். இந்தக் கையாலதான் மூணு பிள்ளைங்களை வளர்த்தேன். நான் பின்னின சரம் எந்த ஊர்ல போய் வெடிச்சுதோ, எதைப் பயமுறுத்துச்சோ... ஒரு நாள்கூட நினைச்சதில்ல."

பாட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வயித்துப் பாட்டுக்குத்தான செஞ்சீக ஆத்தா! அதுல என்ன தப்பு? எங்கன வெடிக்கணும், எங்கன வெடிக்கக் கூடாதுன்னு வாங்குறவுகதான பாக்கணும்?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று காருக்குப் போனார். பட்டாசுப் பெட்டியை எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம்! அவர் எடுத்து வந்தது, புது வருஷத்துத் தினசரிக் காலண்டர். "இதுவும் எங்க ஊர்லதான் அடிக்கிறாங்க. சத்தம் போடாது" என்று நீட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை மறக்க முடியாது.

திரும்பி வரும்போது மகன் கேட்டான்: "அம்மா, எல்லா ஊரும் இந்த ஊரு மாதிரி ஆயிட்டா அப்பாவுக்கு வேலை இருக்காதா?"

காருக்குள் அமைதி. 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, சரவெடியும் பேரியம் கலந்த மருந்தும் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்று ஆனபோது எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் கவலை சூழ்ந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலை பொய்யில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சும் பொய்யில்லை. என் கணவர் சற்று யோசித்துச் சொன்னார்: "பட்டாசுன்னா வெடி மட்டுமாடா? பூச்சட்டி, சக்கரம், மத்தாப்பு எல்லாம் இருக்கே. அதிர வைக்காம அழகு காட்டுறதும் நம்ம தொழில்தான்." முழுப் பதில் இல்லைதான். ஆனாலும் அன்று எங்களுக்குப் பிடிமானமாக இருந்தது.

நீங்களும் போகிறீர்களா?

• காலை 7 மணிக்குள் சென்றுவிடுங்கள். அல்லது மாலை நான்கு மணிக்கு மேல், பறவைகள் கூடு திரும்பும் நேரம் பார்த்துப் போங்கள்.

• பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் வேண்டாம். பச்சை, பழுப்பு போன்ற மங்கல் நிற உடை நல்லது.

• குடிதண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை வசதியை நம்பியிராமல், மேலூரிலேயே குழந்தைகளைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

• இறகு, எச்சம் எதையும் குழந்தைகள் தொட விடாதீர்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். குழந்தைகளுக்குத் தொப்பி வேண்டும். மாலையில் கொசு உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

• பாட்டுப் போடுவது, கார் ஹாரன் அடிப்பது, கல் எறிவது கூடவே கூடாது. பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஊருக்கு வந்த சில நாளில் திருக்கார்த்திகை. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு மிச்சமான வெடியெல்லாம் அன்றுதான் தீரும். விளக்கேற்றிவிட்டு நான் உள்ளே வேலையாக இருந்தேன். வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

"ஏலே, நாலு வீடு தள்ளிப் பிறந்து இருபது நாளான பச்சைப் பிள்ளை இருக்கு. அணுகுண்டையெல்லாம் மைதானத்துக்குக் கொண்டு போங்க. இங்க மத்தாப்புக் கொளுத்துங்க, போதும்."

எட்டிப் பார்த்தேன். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே மைதானத்தைப் பார்த்து நடந்தார்கள். தெருவில் கம்பி மத்தாப்பு மட்டும் பூப்பூவாய்ச் சொரிந்துகொண்டிருந்தது.